முப்பது வினாடிக்குக் குறையாமல்

இசக்கிக்குப் பாட்டு என்றால் உயிர். அவன் பெண்டாட்டி உலகம்மாளுக்கோ பாட்டு என்றால் கடிகாரம். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை வைத்துக்கொண்டு இருபத்தேழு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறார்களே, இதில் யாருக்குப் பொறுமை அதிகம் என்று கேட்டால் இரண்டு பேருமே தன்னைத்தான் சொல்வார்கள்.

மலையாளக் கரையில், விழிஞ்ஞம் துறைமுக வேலைக்குப் போகிற தமிழ் ஆட்களுக்காக முக்கோலையில் சஜி என்பவர் ஒரு மெஸ் நடத்துகிறார். நூற்று முப்பது பேர். காலை ஆறரைக்கு வண்டி வந்து நிற்கும். அதற்குள் அத்தனை பேரும் இட்லி தின்று, மத்தியானச் சோற்றையும் வாங்கிக்கொண்டு ஏறிவிட வேண்டும். இந்த நூற்று முப்பது வயிற்றையும் ஐந்து வருஷமாகக் கட்டி ஆள்கிறவள் உலகம்மாள். மெஸ்ஸுக்குப் பின்னாலேயே ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அதுதான் வீடு.

இசக்கி சுரண்டைப் பக்கத்துக்காரன். முப்பது வயதில் கம்பி கட்ட இந்த ஊருக்கு வந்தவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் கரமனையில் ஒரு கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனது. விழுந்து கிடந்தபோதும் சட்டைப் பையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்ததாம். “இந்தச் சரணம் முடியட்டும், பிறகு தூக்குங்க” என்றானாம். கூட வேலை பார்த்தவர்கள் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவன் இதுவரை மறுத்ததில்லை. அதற்குப் பிறகு கனமான வேலை எதுவும் முடியவில்லை. மெஸ்ஸில் தேநீர் ஆற்றுவான், பரிமாறுவான், மேசை துடைப்பான். மற்ற நேரமெல்லாம் பாட்டு. சாலைக் கடைத்தெருவில் ஒரு கடையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மெமரி கார்டில் ஏற்றிய பாட்டுகள் அவன் போனில் இருந்தன. அவன் சேர்த்த சொத்து அதுதான்.

அந்தச் சொத்தை உலகம்மாள் கடிகாரமாக்கிய கதை இப்படி. அடுக்களைச் சுவரில் இருந்த கடிகாரத்துக்குள் நீராவி புகுந்து ஒரு வருஷத்தில் அது நின்றுபோனது. இன்னொன்று வாங்கி மாட்டினார்கள், அதுவும் நின்றது. அதற்குள் அவளுக்கு வலது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. எண் தெரியாமல் தடுமாறினாள். ஆனால் காது கூர்மை. விடிகாலை நாலரைக்கு இசக்கி போட்டுவிடுகிற பாட்டுகள் தினமும் ஒரே வரிசையில் வருவதைக் கவனித்தாள். மூன்று பாட்டுக்கு ஒரு ஈடு இட்லி வேகிறது. ஐந்து பாட்டுக்குச் சோறு வடிக்கப் பதமாகிறது. முதல் பாட்டில் ஏற்றிய பருப்பு நாலாவது பாட்டில் குழைகிறது. அவ்வளவுதான், வரிசையில் கை வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டாள். இருபத்தாறு பாட்டு முடிந்தால் மணி ஆறரை.

“அலாரம் வச்சா போராதா அக்கா?” என்று சஜி ஒருநாள் கேட்டார்.

“நாலு அடுப்பு எரியுது. மணி அடிச்சா எந்த அடுப்புக்குன்னு மணி சொல்லுமா? பாட்டுன்னா சொல்லும்” என்றாள் உலகம்மாள்.

இதில் இசக்கிக்கு ஒரே ஒரு வருத்தம் உண்டு. உலகம் புகழும் பாட்டுகளுக்கு அவள் ‘பருப்புப் பாட்டு’, ‘வடிக்கிற பாட்டு’, ‘ரெண்டாம் ஈட்டுப் பாட்டு’ என்று பெயர் வைத்திருந்தாள். அவனுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த பாட்டு ஒன்று உண்டு. ஆறு நிமிஷம் நாற்பது வினாடி. தொடக்கத்தில் ஒரு புல்லாங்குழல் தனியாக வந்து, தயங்கி நின்று, மறுபடி வரும். அதைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு நெஞ்சு விம்மும். அந்தப் பாட்டுக்கு அவள் வைத்த பெயர் ‘அழுமூஞ்சி’.

அவன் வைத்திருந்த பாட்டு ஆப்பில் ‘உங்கள் விருப்பம்’ என்று ஒரு பக்கம் இருந்தது. உபயோகிக்கிறவர்கள் தங்களுக்கு என்ன வசதி வேண்டும் என்று அங்கே எழுதலாம். மத்தியானத்தில் அதை வாசிப்பது இசக்கிக்குப் பேப்பர் படிப்பது போல. ஒருவர் பாட்டு வரிகள் திரையில் ஓட வேண்டும் என்பார். ஒருவர் தூங்கினதும் தானாக நிற்க வேண்டும் என்பார். ஒருவருக்குத் திரை கறுப்பாக வேண்டும். இன்னொருவருக்குக் கறுப்பே ஆகாது. ஒரு பாட்டு முடியும் முன்னே அடுத்த பாட்டைக் கலந்துவிடுங்கள் என்று ஒருத்தர் கேட்டதைப் படித்து, “இவனெல்லாம் மனுசனா” என்று இசக்கி கோபப்பட்டான். அவனும் பதினோரு கோரிக்கை எழுதியிருந்தான். அதில் முக்கியமானது, போன் வந்து பேசி முடித்தால் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பது. அந்த ஆப்போ மறுபடி முதல் பாட்டிலிருந்து ஆரம்பிக்கும். பதினோரு கோரிக்கைக்கும் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்திருந்தது.

கோரிக்கை நிறைவேறவில்லை, உலகம்மாளின் கண் முற்றிக்கொண்டே போனது. நகரத்துக் கண்ணாஸ்பத்திரியில் இரண்டு முறை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். முதல் தடவை அவளுக்குப் பதிலாக வருவதாக ஒப்புக்கொண்ட சமையல்காரன் வரவில்லை. இரண்டாம் தடவை வந்தவன் சுட்ட இட்லியை ஒருவரும் தின்னவில்லை. வண்டி வெறும் வயிற்றோடு போனது. இரண்டு தடவையும் அவள் திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். இப்போது வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான். இடது கண்ணிலும் மங்கல் தொடங்கிவிட்டது. போன மாதம் கொதிக்கிற உலையில் கையை விட்டுவிட்டாள். மூன்றாவது தேதி வந்தபோது டாக்டர், இதையும் விட்டால் அப்புறம் எடுப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் புகைப்பக்கமே போகக் கூடாது.

சஜி நல்ல மனுஷர்தான். இருந்தாலும் அவருக்கும் வண்டி ஆறரைக்கு.

“அண்ணாச்சி, அக்காக்குக் கண்ணு நல்லாகணும், அதுல எனக்கு சந்தோஷமே உள்ளூ. பக்ஷே நூத்தி முப்பது பேரு காலையில வெறும் வயித்தோட வண்டி கேற முடியாதல்லே? இந்தத் தடவையும் தப்பினா நான் கேட்டரிங்காரங்களைப் பிடிக்கணும். ஒருக்கா வந்துட்டா பின்ன அவங்களை மாத்த முடியாது.”

மகளைக் கூப்பிடலாம் என்றால் அவள் சங்கரன்கோவிலில் பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி. காய் நறுக்க வருகிற ஜெயஷீலாவோ உலகம்மாளுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டு, “அடுத்த தேதிக்குப் பாத்துக்கலாம்” என்றாள்.

“நான் செய்யுதேன்” என்றான் இசக்கி.

ஜெயஷீலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலகம்மாளுக்கு அதுகூட வரவில்லை. “நீங்களா? வெந்நி வைக்கச் சொன்னா அடி பிடிக்க வைக்கிற ஆளு” என்றாள்.

“ஏளா, உனக்கு என்ன தெரியும்னு நீ சமைக்கே? பாட்டு சொல்லுது, நீ செய்யுதே. உன்னைவிட எனக்கு அந்தப் பாட்டு நல்லாத் தெரியும்.”

உலகம்மாள் சஜியிடம் சரி என்று தலையாட்டினாள். ஆபரேஷனுக்குப் பதினொரு நாள் இருந்தது. மறுநாளே பயிற்சி ஆரம்பித்தது.

முதல் நாள் நன்றாகத்தான் போனது, எட்டாவது பாட்டு வரைக்கும். எட்டாவது பாட்டு முடிந்து அழுமூஞ்சி தொடங்குகிற நேரம் பார்த்து ஜெயஷீலா மிக்ஸியைப் போட்டாள். புல்லாங்குழல் காதிலேயே விழவில்லை. இசக்கிக்குப் பொறுக்கவில்லை. மிக்ஸி நின்றதும் ஈரக்கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, பாட்டை மறுபடி முதலிலிருந்து வைத்துக் கண்ணை மூடிக் கேட்டான். கேட்டு முடிக்கவும் அண்டாவில் சோறு கஞ்சியாகிக் களியாகிவிட்டது.

“மணியைத் திருப்பி வச்சுட்டு நேரம் ஆகலன்னு நிக்கிற ஆளை எங்கயாவது பாத்திருக்கியா ஷீலா?” என்று உலகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “கண்ணே வேண்டாம், இந்தக் கண்ராவியைப் பாக்காம இருக்கதே மேல்.”

இசக்கிக்குச் சுருக்கென்றது. விளையாட்டுக்குச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. அன்றைக்கே ஒரு முடிவு செய்தான். பாட்டை ரசிக்கிறவனுக்கு அடுப்பு ஞாபகம் வராது. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் பாட்டுக்கு நடுவே உலகம்மாளே வந்து சொல்ல வேண்டும். அவள் குரலைப் போனில் பதிந்து, பதினாலு உத்தரவாக வெட்டி, வரிசையில் அங்கங்கே சொருகினான். ‘இட்லிக் கொப்பரையை இறக்குங்க.’ ‘பருப்புல மஞ்சப்பொடி போடுங்க.’ ‘சோத்தை வடிங்க.’ ஒவ்வொன்றும் நாலு, ஐந்து வினாடி. தன் மூளையை நினைத்துத் தானே பெருமைப்பட்டுக்கொண்டு படுத்தான்.

மறுநாள் பாட்டு வந்தது. அடுத்த பாட்டும் வந்தது. உலகம்மாள் வரவில்லை. அவள் குரலுக்காகவே காத்திருந்ததில் பருப்பு அடிப்பிடித்தது. போனை எடுத்துப் பார்த்தால் வரிசையில் பாட்டுகள் மட்டும் இருக்கின்றன. பதினாலு உத்தரவும் காணோம். பதிந்தது போனில் இருக்கிறது, தனியாக அழுத்தினால் பேசுகிறது, ஆனால் ஆப்பின் வரிசையில் மட்டும் வர மாட்டேன் என்கிறது. கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட மாதிரி அவனுக்கு ஆத்திரம் வந்தது. ‘உங்கள் விருப்பம்’ பக்கத்தில் பன்னிரண்டாவது கோரிக்கையை எழுதினான்: ‘சின்னதாக இருந்தாலும் மதித்து வரிசையில் சேருங்கள். அவசரம்.’

இந்த முறை நன்றிக்குப் பதிலாக ஒரு ஆள் வந்தது. ரெம்யா என்று பெயர். கழக்கூட்டத்தில் அந்த ஆப்பைச் செய்கிற ஆபீஸில் வேலை.

‘வணக்கம் சார். இவ்வளவு சின்னப் பாட்டு உங்களுக்கு எதுக்கு?’

‘பாட்டு இல்லை மேடம். என் சம்சாரம்.’

‘புரியலை சார்.’

இசக்கி வாயால் சொல்லிச் சொல்லி ஒரு முழுப் பக்கம் எழுதினான். கண், தேதி, சஜி, இட்லி எல்லாம் அதில் வந்தன. சாயங்காலம் பதில் வந்தது.

‘சார், வாட்ஸப்பில் வர்ற குட்டிக் குட்டிப் பேச்செல்லாம் பாட்டோட கலந்துடுதுன்னு ஆயிரம் பேர் குறை சொன்னாங்க. அதனால முப்பது வினாடிக்குக் குறைஞ்ச எதையும் ஆப் எடுக்காது. அதுக்கு ஒரு சுவிட்ச் வைக்கலாம். ஆனா அடுத்த மாசம்தான் வரும். இட்லிக்காக யாராவது கேப்பாங்கன்னு எங்களுக்குத் தோணவே இல்லை.’

‘ஆபரேஷனுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் மேடம்.’

‘அப்போ ஒரே வழிதான் சார். அவங்களை முப்பது வினாடிக்குக் குறையாமல் பேசச் சொல்லுங்க.’

இசக்கி அறைக்குள் போய் உலகம்மாளிடம் விஷயத்தைச் சொன்னான். ‘கொப்பரையை இறக்குங்க’ என்று சொல்லிவிட்டு மிச்ச இருபத்தைந்து வினாடி சும்மா இருந்தால் போதும். முதலில் அப்படித்தான் பதிந்து பார்த்தார்கள். ஆனால் பத்து வினாடி சத்தம் வராமல் போனதும் போன் நின்றுவிட்டதோ என்று இசக்கியே தட்டிவிடுகிறான். அது இரண்டு பாட்டைத் தாண்டிப் போய்விடுகிறது.

“சும்மா இருக்க வேண்டாம். எதையாவது பேசிக்கிட்டு இரு” என்றான்.

“என்னத்தப் பேச?”

“என்னைத் திட்டேன். அதுக்கா உனக்குப் பஞ்சம்?”

அது சுலபமாக இருந்தது. முதல் ஆறு உத்தரவும் அரை மணியில் முடிந்தன. “கொப்பரையை இறக்குங்க. துணியோட தூக்கணும், வெறுங்கையால தொட்டுட்டு அய்யோ அம்மான்னு ஆடாதீங்க. போன வருசம் மகள் வீட்டுக்குப் போறப்ப டிக்கெட்டைத் தொலைச்சது யாரு? சொல்லுங்க பாப்போம்...” இசக்கி எதிரே உட்கார்ந்து, முப்பது ஆனதும் விரலைத் தூக்குவான். அவள் மூச்சு வாங்கி நிறுத்துவாள். ஜெயஷீலா வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஏழாவதில்தான் ஆச்சரியம் நடந்தது. திட்டு தீர்ந்துபோனது. உலகம்மாளுக்கே நம்ப முடியவில்லை. “சோத்தை வடிங்க” என்று சொல்லிவிட்டு விழித்தாள். பிறகு மெதுவாக, “வடிக்கும்போது இடுப்பைக் குனியாதீங்க. முட்டியை மடக்கி நில்லுங்க. நீங்க சாரத்துலேர்ந்து விழுந்த அன்னைக்கு எனக்கு யாரும் சொல்லல. ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கும்போது உங்க செருப்பு ஒண்ணை யாரோ கையில வச்சிருந்தாவ. ஒண்ணுதான் இருந்துச்சு. நான் அதையே பாத்துக்கிட்டு...” என்றாள். இசக்கி விரலைத் தூக்க மறந்துவிட்டான். அது ஐம்பது வினாடி ஓடியது.

அதற்கப்புறம் வந்தவை எல்லாம் அந்த மாதிரிதான். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் முதல் நாள் மலையாளம் தெரியாமல் அழுதது. மகள் கல்யாணத்தன்று இவன் பந்தலில் மைக் செட்காரனோடு உட்கார்ந்துவிட, ஒற்றை ஆளாக ஓடியது. ஒரு தடவை காய்ச்சலில் இவன் அவளுக்குக் கால் பிடித்துவிட்டது. ஒன்றைச் சொன்னதும் அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. இருபத்தேழு வருஷத்தில் இவள் இவ்வளவு பேசி இசக்கி கேட்டதில்லை. கேட்கக் கேட்க வெட்கமாகவும் இருந்தது, விடவும் மனசில்லை.

ஒரு சிக்கல் மிச்சம். பதினாலு பேச்சும் சேர்ந்து ஏழு நிமிஷம் வந்துவிட்டது. ஏழு நிமிஷம் கூடினால் சோறு குழையும், வண்டி போய்விடும். உலகம்மாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, ஒரு பாட்டை எடுத்தே ஆக வேண்டும், அதுவும் நீளமான பாட்டாக எடுக்க வேண்டும் என்றாள். எந்தப் பாட்டு என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமலே இசக்கிக்குத் தெரிந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தனியாகப் போய் உட்கார்ந்து, அழுமூஞ்சியை ஒரு தடவை முழுசாகக் கேட்டான். பிறகு வரிசையிலிருந்து எடுத்தான். அடுத்த ஆறு நாளும் இட்லி இட்லியாக வந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது உலகம்மாள் போனை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். “ஷீலாவை வச்சு கடைசியா ஒண்ணு சேத்திருக்கேன். முன்கூட்டிக் கேட்டுறாதீங்க. எல்லாம் முடிஞ்ச பிறகு வரும்” என்றாள். இசக்கி ஜெயஷீலாவிடம், “ஆஸ்பத்திரியிலேர்ந்து எதுனாலும் சஜி போனுக்குத்தான் அடிக்கணும், கேட்டியா? என் போனுக்கு அடிச்சா பாட்டு நின்னுரும்” என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினான்.

மறுநாள் நாலரைக்கு முதல் பாட்டு தொடங்கியது. சட்னி அரைக்க ஆள் இல்லாததால் சஜியே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தேங்காய் துருவினார். இசக்கி காதைப் பாட்டிலேயே வைத்திருந்தான். பாட்டு முடிந்தது, உலகம்மாள் வந்து திட்டினாள், கொப்பரை இறங்கியது. பாட்டு முடிந்தது, பருப்புக்கு மஞ்சள் விழுந்தது. “இது பயங்கரம் தன்னே” என்றார் சஜி. ஐந்தே முக்காலுக்கு நாலாவது ஈடு கொப்பரையில் இருந்தது, சோறு உலையில் கொதித்தது, சாம்பார் கூடவே. பாட்டின் இரண்டாவது சரணம் ஓடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

ஜெயஷீலாதான். அவளுக்குப் பதற்றத்தில் சொன்னதெல்லாம் மறந்துவிட்டது. “அண்ணே, மைனிய முதல் ஆளா உள்ள கொண்டு போயிட்டாவ. போகும்போது சிரிச்சுக்கிட்டுதான் போனா. நான் இங்கனதான் இருக்கேன்” என்றாள்.

“நல்லது. வை” என்றான் இசக்கி.

போன் வைத்ததும் அடுக்களையில் அடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அழுத்தினால் முதல் பாட்டிலிருந்து ஆரம்பிக்கும். நடுவில் ஒன்றைத் தேடி எடுக்கலாம் என்றால் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. கை முழுக்க மாவு. சோறு இன்னும் எவ்வளவு நேரம், இட்லி இன்னும் எவ்வளவு நேரம், ஒன்றும் தெரியவில்லை. கண் மட்டும் நல்லாகட்டும், இந்த இட்லி எக்கேடும் கெடட்டும் என்று ஒரு கணம் அவனுக்குத் தோன்றியது. ஆனால் இட்லி கெட்டால் அவள் மறுபடியும் ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு வந்து இந்தப் புகையில் நிற்பாள். அது அவனுக்குத் தெரியும்.

அவன் வாயைத் திறந்து பாடினான்.

நின்ற இடத்திலிருந்து இல்லை. ஜெயஷீலா பேசிய நேரத்துக்குப் பாட்டு எங்கே போயிருக்குமோ அங்கிருந்து. சரணத்துக்குப் பின்னால் வயலின் வருகிற இடத்தை வாயாலேயே வாசித்தான். தபலா உருட்டுகிற இடத்தில் அகப்பையால் தட்டினான். ஒரு வினாடி கூட்டவில்லை, குறைக்கவில்லை. முப்பது வருஷமாகக் கேட்ட பாட்டு, எங்கே மூச்சு விட வேண்டும் என்பது வரை தெரியும். சஜி துருவலை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். “நிக்காதீங்க சஜி! போனை எடுத்து ‘உலகு ஒம்பது’ன்னு இருக்கும், அதைத் தேடுங்க!” என்று பல்லவிக்கும் பல்லவிக்கும் நடுவில் கத்தினான் இசக்கி. சஜிக்குத் தமிழ் எழுத்து தடுமாறும். ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டித் தேடினார். இசக்கி கடைசி வரியைப் பாடி, அது தேய்ந்து முடிகிற வரைக்கும் முனகி, நிறுத்தினான். சஜி அழுத்தினார்.

“கொப்பரையை இறக்குங்க. இதுதான் கடைசி ஈடு” என்றாள் உலகம்மாள்.

மூடியைத் திறந்தால் இட்லி பூவாக இருந்தது. சோறு வடிந்தது. ஆறரைக்கு நூற்று முப்பது பேரும் தின்றுவிட்டு வண்டி ஏறினார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மெஸ் சாப்பாட்டில் ஒருத்தரும் ஒன்றும் சொல்லாமல் போவதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. கடைசியாகப் போன ஒருவன் மட்டும், “அக்கா எங்க, சத்தம் மட்டும் கேட்டுச்சு, ஆளைக் காணோம்?” என்றான்.

எல்லாரும் போன பிறகு இசக்கி இட்லித் துணிகளை அலசிக்கொண்டிருந்தான். வரிசை ஓடிக்கொண்டே இருந்தது. கடைசிப் பாட்டு முடிந்து, முன்கூட்டிக் கேட்கக் கூடாது என்று அவள் சொன்னது வந்தது.

“உங்களுக்கு நாலு இட்லி எடுத்து வச்சுக்கோங்க. நான் இருந்தா எடுத்து வச்சிருப்பேன். நின்னுக்கிட்டுத் தின்னாதீங்க, உக்காந்து தின்னுங்க...” பிறகு அவளுக்கு வார்த்தை இல்லை போலிருக்கிறது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பின்னாலிருந்து ஜெயஷீலா, “இன்னும் இருக்கு மைனி, இன்னும் இருக்கு” என்று கிசுகிசுத்தாள். உலகம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, ம்ம் ம்ம் என்று என்னவோ முனகினாள். சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. இசக்கிக்குப் புரிய இரண்டு வினாடி ஆனது. அது அந்தப் புல்லாங்குழல். தயங்கி நிற்கிற இடத்தில் அவளும் தயங்கி நின்றாள், மறுபடி தொடங்கினாள், பாதியில் முப்பது வினாடி முடிந்துபோனது.

பாட்டே பிடிக்காதவள் இதை எப்போது கேட்டுப் பாடம் செய்தாள்? இசக்கி ஈரத்துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். சத்தம் போட்டே அழுதான். சஜி பார்த்துவிட்டுப் பதறிப்போய், “என்ன அண்ணாச்சி, ஆசுபத்திரியில ஏதாவது பிரச்னையா?” என்று ஓடிவந்தார். அதே நேரம் அவர் போன் அடித்தது. ஜெயஷீலாவுக்கு இந்தத் தடவை ஞாபகம் வந்துவிட்டது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றாள்.

ஒரு மாதம் இசக்கி சமைத்தான். அதில் இரண்டு நாள் சாம்பாரில் உப்புக் கூடியது. அதற்குப் பாட்டில் வழியில்லை. கேட்டரிங்காரர்கள் பேச்சை சஜி எடுக்கவே இல்லை. அடுத்த கண்ணுக்கும் தேதி வாங்கிக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார்.

மாதக் கடைசியில் ஆப்பில் புதிய சுவிட்ச் வந்தது. ரெம்யா எழுதியிருந்தாள்: ‘சார், இனிமேல் ரெண்டு வினாடி இருந்தாலும் வரிசையில் வரும். நீங்க கேட்டதுதான். சின்னதா வெட்டிப் போட்டுப் பாத்துச் சொல்றீங்களா? போன் பேசி முடிச்சதும் விட்ட இடத்தில் தொடரவும் செஞ்சிருக்கோம்.’

இசக்கி அறை வாசலில் உட்கார்ந்து பதில் எழுதினான். உள்ளே அந்தப் பழைய ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உலகம்மாள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“யாருக்கு எழுதுறீங்க?”

“ஆப்புக்காரங்களுக்கு. கேட்டதை வேண்டாம்னு எழுதுதேன்.”

“குடுங்க பாப்போம்.” போனை வாங்கி, முகத்தைவிட்டுத் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். இரண்டு வருஷத்தில் அவள் வாசிக்கிற முதல் வாக்கியம். “சுவிட்ச் நல்லா இருக்கு... மத்தவங்களுக்கு இருக்கட்டும்... எங்களுக்கு முப்பது வினாடியே போதும்... இருபத்தேழு வருசத்துல என் சம்சாரம் என்கிட்ட... இவ்வளவு பேசினது... உங்களாலதான்.”

வாசித்து முடித்து அவனைப் பார்த்தாள். நேராக, இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

“பொய் எழுதாதீங்க” என்றாள். “நான் பேசிக்கிட்டுதான் இருந்தேன். நீங்கதான் பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தீங்க.”

இசக்கி எழுந்து உள்ளே போய்ப் பாட்டை நிறுத்தினான்.